ஆடுகிற தராசுக்கு அதிகக் கழிவு

காரைக்கால்மேட்டு மீன் வியாபாரத்துக்கு ஒரு புதிய எடை விதியைச் சிபாரிசு செய்கிறேன். புதுச்சேரி அரசு விரும்பினால் இதை அப்படியே அரசிதழில் போட்டுக்கொள்ளலாம்.

தராசு ஆடாமல் நின்றால் கிலோவுக்கு 200 கிராம் குறைவுவரை வாங்குபவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். தராசு ஆடினால், ஆட்டம் கூடக்கூடப் பொறுமையும் கூட வேண்டும். 300 கிராம்வரை போகலாம். தராசு எவ்வளவு ஆடுகிறது என்பதை விற்பவரே, விற்கிற அன்றைக்கே, அதே தராசில் நிறுத்துச் சொல்லுவார். வாங்குபவருக்குச் சந்தேகம் இருந்தால் ஆம்ஸ்டர்டாமுக்குக் கடிதம் எழுதிப் போடலாம்.

கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து சங்கராவைக் கூறு கட்டுகிற அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினால் என்ன பதில் வரும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. "ஏன் தம்பி, ஆடுற தராசுக்குக் கழிவு கூடன்னா, நான் எதுக்குத் தராச நிக்க விடப்போறேன்?" என்று சிரிப்பார். வாங்க வந்தவர் சும்மா இருப்பாரா? "ஒன் தராசு ஆடுனா அது ஒன் பாடு. எங் கொழம்புல எதுக்குக் கை வைக்கிற?" என்பார். அத்தோடு விதி செத்தது.

கூடைக்காரம்மாவுக்கு ஒரே மூச்சில் புரிகிற இந்த ஓட்டை, ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற ஐரோப்பிய மருந்து முகமையின் வழிகாட்டியில் 2010-இலிருந்து இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் முறையில் இதைவிடப் பெரிதாகவே இருக்கிறது. அங்கே நிறுக்கப்படுவது மீன் கிடையாது. நீங்கள் காலையில் தண்ணீரோடு விழுங்குகிற மாத்திரை.

ஒரு கம்பெனி கண்டுபிடித்த மருந்தின் காப்புரிமை முடிந்ததும் மற்ற கம்பெனிகள் அதே மருந்தைச் செய்யலாம். ஜெனரிக் என்கிறோம். விலை விழுகிறது, நல்ல விஷயம். இந்தக் கட்டுரையை வெட்டியெடுத்து 'ஜெனரிக் மாத்திரை எல்லாம் டூப்ளிகேட்' என்று வாட்ஸாப்பில் சுற்றவிட நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். ஜெனரிக் இல்லையென்றால் இந்தக் கடலோரத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தே சாப்பிட முடியாதவர்கள் ஏராளம். வேறு வழியில்லாதவர் வாங்குகிற மாத்திரை அது. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வேறு வழி உள்ளவன் விலை உயர்ந்த பிராண்டை வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

புதிய மாத்திரை பழைய மாத்திரைக்குச் சமம்தானா என்று பார்ப்பதற்குப் பெயர் பயோஈக்விவலன்ஸ் சோதனை. தமிழில் சமானச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். ஆரோக்கியமான சில பத்துப் பேரைக் கூட்டி, ஒருமுறை அசல் மாத்திரை, சில நாள் இடைவெளி விட்டு இன்னொருமுறை நகல் மாத்திரை கொடுத்து, மணிக்கணக்காக ரத்தம் எடுப்பார்கள். மருந்து ரத்தத்தில் எவ்வளவு உச்சிக்கு ஏறியது, மொத்தத்தில் எவ்வளவு உள்ளே போனது என்று இரண்டு கணக்கு. நகலுக்கும் அசலுக்கும் உள்ள விகிதத்தைப் போட்டு, அந்த விகிதத்தின் 90 சதவீத நம்பக இடைவெளி முழுவதும் 80.00-க்கும் 125.00-க்கும் நடுவில் அடங்கினால் தேர்ச்சி. (மாத்திரைக்குள் 80 சதவீதம் மருந்து இருந்தால் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. டாக்டர்களே சிலர் மேடையில் அப்படிப் பேசுகிறார்கள். சராசரி மட்டும் உள்ளே இருந்தால் போதாது. சந்தேகத்தின் இரண்டு ஓரங்களும் உள்ளே இருக்க வேண்டும். அதனால் தேர்ச்சி பெறுகிற மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் சராசரி அசலுக்கு நெருக்கமாகவே இருக்கும்.)

எந்தச் சோதனையும் ஏமாறும். உண்மையில் சமமில்லாத மாத்திரை, யோகத்தால் அன்றைக்குத் தேறிவிடலாம். பொய்த் தேர்ச்சி. அதற்கான வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதுதான் மருந்து உலகம் நமக்குக் கொடுத்த வாக்கு. புள்ளியியலில் இதற்கு நுகர்வோர் இடர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நேர்மையான பெயர்தான். நல்ல மாத்திரை தவறாகத் தோற்றுப்போனால் நஷ்டம் கம்பெனிக்கு. அந்த இடர் எவ்வளவு இருக்கலாம், 20 சதவீதமா 10 சதவீதமா என்று கம்பெனியே தீர்மானித்து, அதற்கேற்ப ஆள் சேர்த்துக்கொள்ளும். கெட்ட மாத்திரை தவறாகத் தேறிவிட்டால் நஷ்டம் விழுங்குகிறவருக்கு. இவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்க வேண்டாம், 5-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும் என்று இவர் சார்பில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம்.

சில மருந்துகள் ஒரே ஆளின் உடம்பில் ஒரு நாளைப்போல இன்னொரு நாள் நடந்துகொள்வதில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வெராபமில் அப்படி. இதயத் துடிப்பைச் சீராக்கும் புரோப்பாபினோன் அப்படி. வலை இழுத்துத் தோள்பட்டை பிடித்துக்கொண்டவர் மருந்துக்கடையில் வாங்குகிற டைக்ளோபெனாக் குடலில் கரையும் வகை மாத்திரையாக இருந்தால், அதன் உச்ச அளவும் அப்படித்தான் துள்ளும். வயிற்றின் அமிலம், சாப்பாடு, கல்லீரல் முதல் சுற்றிலேயே எவ்வளவைத் தின்றுவிடுகிறது என்று காரணங்கள் பல. ஒரே ஆளுக்குள் இந்த மாறுபாடு 30 சதவீதத்தைத் தொட்டால், மிகுந்த மாறுபாடுள்ள மருந்து என்று முத்திரை. இது ஏதோ அபூர்வச் சாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2008-இல் தங்களிடம் வந்த விண்ணப்பங்களைக் கணக்கெடுத்தபோது, 180 மருந்துகளில் 57 இந்தச் சாதி.

இவற்றைச் சோதிப்பதில் உண்மையான சங்கடம் ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். மாறுபாடு 30 சதவீதமாக இருந்தால் வழக்கமான இருமுறைச் சோதனைக்கு ஏறக்குறைய 40 பேர் போதும். 50 சதவீதம் என்றால் 98 பேர் வேண்டும். நல்ல மாத்திரையைக்கூட நல்லது என்று நிரூபிக்க நூறு பேரின் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும் என்பது நியாயமில்லைதான். ஒரே அசல் மாத்திரையே இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி ஏறி இறங்குகிறது. நோயாளிக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்படியிருக்க நகலின்மீது மட்டும் ஏன் இவ்வளவு இறுக்கம் என்ற வாதத்திலும் பொருள் இருக்கிறது. இங்கே தராசு மட்டும் ஆடவில்லை, மீனே துள்ளுகிறது.

அதற்காக என்ன செய்தார்கள்? மாறுபாடு 30-ஐத் தாண்டினால், தாண்டுகிற அளவுக்கு வரம்பை விரித்துக்கொள் என்றார்கள். ஐரோப்பாவில் உச்ச அளவுக்கு மட்டும் இந்தச் சலுகை. மாறுபாடு 50 சதவீதத்தை எட்டும்போது வரம்பு 69.84-இலிருந்து 143.19 வரை அகன்றுவிடும். அதற்கு மேல் அகலாது. கனடாவில் சலுகை மொத்த அளவுக்கு, 66.7-இலிருந்து 150 வரை போகலாம். அமெரிக்காவில் இன்னும் விசேஷம்: 30 என்ற கோட்டைத் தொட்ட நொடியிலேயே வரம்பு 80–125-இலிருந்து ஏறத்தாழ 77–130-க்கு ஒரே தாவாகத் தாவும்.

மாறுபாடு 30-ஐத் தாண்டியதா என்று யார் சொல்வது? மருந்தின் உண்மையான மாறுபாடு கடவுளுக்குத்தான் தெரியும். நமக்குக் கிடைப்பது இந்தச் சோதனையில், இந்தச் சில பத்துப் பேரிடம், இந்த ஆய்வகத்தில் அளந்த எண். உண்மையான மாறுபாடு 30-ஆக இருந்தால், ஏறக்குறையப் பாதிச் சோதனைகளில் அளந்த எண் 30-க்கு மேல் வரும், வெறும் தற்செயல். அந்தப் பாதிச் சோதனைகளுக்கெல்லாம் உரிமையில்லாத விரிந்த வரம்பு இலவசம். 80–125-இன் விளிம்பில் நின்று தோற்க வேண்டிய மாத்திரை, விரிந்த வாசல் வழியாக நடந்து போகிறது. விற்கிற அன்றைக்கு, விற்பவரே, அதே தராசில்.

எவ்வளவு பேர் அப்படி நடந்து போகிறார்கள் என்பதைக் கணினியில் லட்சக்கணக்கான போலிச் சோதனைகளை ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். 34 பேர், ஒவ்வொருவருக்கும் அசல் இரண்டு முறை, நகல் இரண்டு முறை, உண்மையான மாறுபாடு 30 சதவீதம் என்று வைத்து ஐரோப்பிய முறையை ஓட்டினால், 5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இடர் 8.16 என்று வருகிறது. எழுதிய வாக்கின்மேல் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுதல். கந்துவட்டிக்காரன்கூட இப்படி ஏற்றுவதற்கு முன் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. டெட்லெவ் லாபெஸ், ஹெல்முட் ஷுட்ஸ் என்ற இருவர் 2016-இல் ஃபார்மசூட்டிகல் ரிசர்ச் என்ற ஆய்விதழில் நோயையும் மருந்தையும் ஒன்றாக எழுதினார்கள். அதே ஆண்டு முன்யோஸ், அல்கைதே, ஒகான்யா என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க, ஐரோப்பிய முறைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நுகர்வோர் இடர் எங்கெங்கே ஊதுகிறது என்று காட்டினார்கள். மருந்தும் கசப்பானதில்லை. விரிந்த வரம்பு வேண்டுமா, வைத்துக்கொள். ஆனால் 5 சதவீதத்துக்குப் பதிலாக இன்னும் கடுமையான அளவில், மேலே சொன்ன உதாரணத்தில் 2.86-இல், கணக்குப் போடு. மொத்த இடர் 5-க்குள் வந்து நிற்கும். இதைச் செய்கிற மென்பொருளை இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். மடிக்கணினியில் நிமிஷக் கணக்கில் முடிகிற வேலை.

விலை ஒன்று உண்டு. அப்படிக் கடுமையாக்கினால் நல்ல மாத்திரை தோற்கிற வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதைச் சரிக்கட்டக் கம்பெனி இன்னும் சில பேரைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். உடனே எல்லோருக்கும் தன்னார்வலர்மீது கருணை சுரக்கிறது. ஐயோ, தேவையில்லாமல் இன்னும் சில பேருக்கு ஊசியா, மனித நேயம் என்னாவது? வேலையில்லாத பையன்கள் ஓர் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு இடைவெளி விடாமல் அடுத்த ஆய்வகத்துக்குப் பேர் மாற்றிப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோதெல்லாம் இந்தக் கருணை எந்த ஊருக்குப் போயிருந்தது?

அதிகாரிகளின் பதில்கள் மூன்று, நான் கேட்டவரை. ஊதல் 30 சதவீதத்தின் அக்கம்பக்கத்தில் மட்டும்தான் என்பது முதலாவது. சரி, அக்கம்பக்கத்தில்தானே கூட்டமே நிற்கிறது; அந்த 57 மருந்துகளில் பல, ஒரு சோதனையில் கோட்டுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றில் அந்தப் பக்கமும் விழுந்தவைதாம். சராசரி விகிதம் 80–125-க்குள் இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு பூட்டுப் போட்டிருக்கிறோமே என்பது இரண்டாவது. 8.16 என்பது அந்தப் பூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு வந்த எண். மூன்றாவது, அமெரிக்கப் பாணி: வரம்பே மாறுபாட்டோடு சேர்ந்து மாறுவதாக வைத்துக்கொண்டால், எல்லையில் நிற்கும் மாத்திரை எல்லைக்கு உள்ளே வந்துவிடுகிறது, எனவே பொய்த் தேர்ச்சியே இல்லை. ரசிக்கத் தக்க பதில். வேலியைத் தள்ளி நட்டுவிட்டு, பக்கத்துக் கொல்லையில் நான் கால் வைக்கவேயில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பாருங்கள்.

இந்த மூன்றுக்கும் பின்னால் எப்போதும் ஒரு நிழல் நிற்கும்: நோயாளிகளுக்குக் கேடு விளைந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆதாரத்தைத் தேடியவர் யார்? இந்தியாவில் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் 2010-இலிருந்து நடக்கிறது. மாத்திரை போட்டு உடம்பெல்லாம் தடித்தால் அங்கே பதிவாக வாய்ப்பிருக்கிறது. மாத்திரை போட்டும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால்? ரத்த அழுத்தம் இறங்காமல் 160-இலேயே நிற்கிற மனிதர் டாக்டரிடம் போனால் எந்தப் படிவத்தையும் யாரும் எடுப்பதில்லை. "உப்பைக் குறைச்சீங்களா? கருவாடு சாப்பிடுறீங்கல்ல?" என்று கேள்வி வரும். கடலோரத்து மனிதர் இல்லை என்று எப்படிச் சொல்லுவார்? தலையைக் குனிந்துகொள்வார். டோஸ் ஏறும், அல்லது இரண்டாவது மாத்திரை சேரும். குறை மாத்திரையிலா கருவாட்டிலா என்று பிரித்துச் சொல்ல அவருக்கும் வழியில்லை, டாக்டருக்கும் வழியில்லை. வழியில்லாததால் இந்த நாட்டில் குற்றவாளி எப்போதும் கருவாடுதான்.

ஆட்டத்தை அதிகமாகக் காட்டினால் பரிசு என்பதில் இன்னொரு விஷமும் இருக்கிறது. ரத்த மாதிரியை வெயிலில் வைத்தாலும், அளக்கும் கருவி சரியில்லை என்றாலும், ஊழியர் நேரம் தவறி ரத்தம் எடுத்தாலும் மாறுபாடு ஏறும். கவனமாக வேலை செய்கிற ஆய்வகம் குறுகிய வாசலில் நுழைய வேண்டும். ஏனோதானோ ஆய்வகத்துக்கு வாசல் அகலத் திறக்கும். இதைத் தடுக்க ஐரோப்பிய வழிகாட்டி ஒரு வரி வைத்திருக்கிறது: மாறுபாடு நம்பகமானது, ஒன்றிரண்டு ஒதுங்கிய ஆட்களால் வந்ததில்லை என்று விண்ணப்பதாரர் நியாயப்படுத்த வேண்டுமாம். விண்ணப்பதாரரே. கூடைக்காரம்மா மறுபடியும் சிரிக்கிறார்.

இதுவரை சொன்னது நாணயமான ஆய்வகங்களின் கதை. 5-ஆ 8-ஆ என்று சண்டை போடுவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டும். குப்பியில் இருப்பது எழுதியிருக்கிற ஆளின் ரத்தமாக இருக்க வேண்டும். நம் நாட்டுப் பெருமை அங்கேதான் உச்சம்.

2014 மே மாதம் பிரான்சின் மருந்து முகமையின் ஆய்வாளர்கள் ஹைதராபாத்தில் ஜிவிகே பயோசயன்சஸ் நிறுவனத்துக்கு வந்து, தன்னார்வலர்களின் இசிஜி பதிவுகளைப் புரட்டினார்கள். வெவ்வேறு ஆட்களுடையவை என்று வைத்திருந்தவற்றில் ஒரே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. குறைந்தது ஐந்து ஆண்டு நடந்த கைங்கரியம். 2015 ஜனவரியில் ஐரோப்பிய முகமை சுமார் 700 மருந்து வடிவங்களை நிறுத்திவைக்கச் சொன்னது. 2016-இல் பெங்களூரு செம்லர் ஆய்வகத்தில் தன்னார்வலர்களின் மாதிரிகளை மாற்றி வைத்ததாக அமெரிக்க நிர்வாகம் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்தது. நம்மூருக்கும் பங்கில்லாமல் போகவில்லை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இயங்கிய மைக்ரோ தெரபியூட்டிக் ரிசர்ச் லேப்ஸை 2016 பிப்ரவரியில் ஆஸ்திரிய, டச்சு அதிகாரிகள் சோதித்துத் தரவுகளைத் திரித்துக் காட்டியிருப்பதாகச் சொல்ல, 2017 மார்ச்சில் 300-க்கு மேற்பட்ட மருந்துகளுக்கு ஐரோப்பாவில் தடைப் பரிந்துரை. பிறகு அகமதாபாத் சிங்க்ரான். பிறகு புனே சினாப்ஸ். 2023 டிசம்பரில் தொடங்கிய அந்தப் பட்டியலில் 400-க்கு மேல்.

ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தவர் பாஸ்போர்ட்டோடு வந்தவர் என்பதைக் கவனியுங்கள். ஒரே ரத்தத்தை இரண்டு குப்பியில் ஊற்றி ஒன்றுக்கு அசல், இன்னொன்றுக்கு நகல் என்று சீட்டு ஒட்டினால் விகிதம் 100 என்று வரும். வரம்பை விரிக்கவும் வேண்டாம், குறுக்கவும் வேண்டாம்.

இதற்கு இந்திய அரசின் கோபம் எப்படி வெடித்தது தெரியுமா? வெடித்தது, உண்மையாகவே. 2015 ஆகஸ்டில் வர்த்தக அமைச்சகம் ஏமாற்றமும் கவலையும் தெரிவித்து, ஐரோப்பிய ஒன்றியத்தோடு நடக்கவிருந்த தடையில்லா வர்த்தகப் பேச்சையே தள்ளிவைத்தது. ஒரே இதயத்தைப் பல பேருக்கு வாடகைக்கு விட்டவர்மீது வந்த கோபமென்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. அதைப் பார்த்துவிட்டவன்மீது வந்த கோபம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு 2012 மே மாதமே தன் 59-ஆவது அறிக்கையில், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் நோக்கமாக எழுதி வைத்திருப்பதில் மருந்துத் தொழிலின் எதிர்பார்ப்புகளும் தேவைகளும் முன்வரிசையில் இருப்பதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்திருந்தது. ரான்பாக்சி நிறுவனம் 2013-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. அந்த மோசடியை வெளியே கொண்டுவந்த தினேஷ் தாகூர், இந்திய மருந்துக் கட்டுப்பாட்டைச் சரிசெய்யச் சொல்லி 2016-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். மனுவை விசாரணைக்கு ஏற்கவில்லை.

நம் சட்டத்தின் அழகையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்து மத்திய அரசின் ஒப்புதல் பெற்று நான்கு ஆண்டுவரைதான் புது மருந்து. அதன்பின் எந்த மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் உரிமம் கொடுக்கலாம். 2017 ஏப்ரல் 3 வரை, அப்படி உரிமம் கேட்டு வருகிற கம்பெனி சமானச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்றைக்கு வந்த திருத்தம், நன்றாகக் கரையாத இரண்டாம், நான்காம் வகுப்பு மருந்துகளுக்கு மட்டும் சோதனையைக் கட்டாயமாக்கியது. நன்றாகக் கரைபவை வெளியே. கல்லீரல் முதல் சுற்றிலேயே பெரும்பகுதியை விழுங்கிவிடுகிற மருந்து நன்றாகக் கரைந்தாலும் துள்ளும்; மிகுந்த மாறுபாட்டுக்கு முக்கியக் காரணமே அதுதான். துள்ளலைப் பார்த்து விதி எழுதவில்லை. டம்ளரில் கரைகிறதா என்று பார்த்து எழுதினார்கள்.

ஒரு மாநிலம் கொடுத்த உரிமம் நாடு முழுவதும் செல்லும். இமாச்சலப் பிரதேசத்தில் பத்தி என்ற ஊரில் உரிமம் வாங்கிய மாத்திரை காரைக்கால்மேட்டு மருந்துக்கடைக்கு வந்து சேரும்வரை அதை வழியில் நிறுத்திக் கேள்வி கேட்க ஏறக்குறைய யாருமில்லை. அதே காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகிற வழியில் வாஞ்சூரைத் தாண்டிப் பாருங்கள். இரண்டு பாட்டில் கூடுதலாக இருக்கிறதா என்று பைக்கின் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், சாக்கைத் தட்டிப் பார்ப்பார்கள், கூடை மீனைக் கிளறிப் பார்ப்பார்கள். போதைக்குக் குடிக்கிறவனின் சரக்குக்கு எல்லைச் சாவடி உண்டு. நோய்க்கு விழுங்குகிறவரின் சரக்குக்கு நல்லெண்ணம் உண்டு.

மாநிலத் துறைகள் எவ்வளவு விழிப்பு என்று கேட்பவர்கள், 2025 அக்டோபரை மறந்திருக்க மாட்டார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீசன் நிறுவனம் செய்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம். மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் குழந்தைகள் செத்த பிறகு தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்து, முன்னூற்றைம்பதுக்கு மேல் குறைகள் எழுதினார்கள். சாவுக்கு முன்னால் பார்த்திருந்தால் எத்தனை இருந்திருக்குமோ. பாட்டிலில் பாதி விஷம் இருந்தது கண்ணில் படாத இடத்தில், 5 சதவீதம் 8 ஆனதைக் கண்டுபிடியுங்கள் என்று நான் கேட்பது எனக்கே கொஞ்சம் ஆடம்பரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். விஷத்தில் செத்தால் செய்தியாவது வரும்.

இப்போது உலக அளவில் இந்த விதிகளை ஒன்றாக்குகிறார்கள். ஐசிஎச் என்ற சர்வதேச அமைப்பின் சமானச் சோதனை வழிகாட்டி எம்13 மூன்று பகுதி. முதல் பகுதி 2024 ஜூலையில் முடிந்தது. மிகுந்த மாறுபாடுள்ள மருந்துகள் மூன்றாவது பகுதியில் வருகின்றன. அந்த 5 சதவீத வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் அங்கேதான் ஒரு வரி எழுத வேண்டும்: வரம்பை விரிப்பவர், மொத்த இடர் 5-ஐத் தாண்டவில்லை என்று கணக்குக் காட்டட்டும். ஒரே வரி. அதைக் கேட்க அந்த மேசையில் நமக்கு நாற்காலி உண்டா? உலகத்தின் மருந்தகம் என்று மேடைதோறும் மார் தட்டுகிற இந்தியா, ஐசிஎச்சில் பார்வையாளர். சுவரோரமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்லக்கூடாது. 2023 ஆகஸ்டு 1 முதல் அதிகம் விற்கிற 300 பிராண்டு மருந்துகளின் அட்டையில் கியூஆர் குறி கட்டாயம். செல்போனைக் காட்டினால் மருந்தின் பெயர், பிராண்டின் பெயர், செய்தவர் முகவரி, தொகுதி எண், செய்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண் எல்லாம் திரையில் வரும். இந்த மாத்திரை ஒரு மனித உடம்பிலாவது அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டதா, பார்த்திருந்தால் எந்த ஆய்வகத்தில், எந்த வரம்பில் தேறியது என்பது மட்டும் வராது. உரிம எண் வருகிறதே, அதை வைத்துக் கேளுங்கள் என்பார்கள். கேட்டுப் பாருங்கள். வணிக ரகசியம் என்று பதில் வரும், முப்பது நாளைக்குள், தபால் தலை ஒட்டி.